கையில் இருக்கும் வேகம்: பற்றவைப்பில் வெப்பத்தைக் கணக்கிட்ட வரலாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தபின் வரும் ஊர் சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் சந்திப்பிலிருந்துதான் ஆனேக்கலுக்குச் சாலை பிரிகிறது. நெடுஞ்சாலையிலேயே மேலும் சென்றால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி எனத் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இப்பகுதியில் இரும்புப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே கூரையின்கீழ்ப் பேசப்படும் இடங்கள் அவை. கூரைச் சட்டங்கள், தொட்டிகள், குழாய்த் தாங்கிகள், இயந்திர அடித்தளங்கள் என நகரத்துக்கு வேண்டிய எலும்புக்கூடுகள் இத்தகைய பட்டறைகளிலேயே உருவாகின்றன.

அங்குள்ள வெல்டிங் இயந்திரத்தின் முகப்பில் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்று காட்டும் எண் ஒன்று ஒளிர்கிறது. சிலவற்றில் மின்னழுத்தமும் தெரியும். ஆயினும், உருகிய உலோகம் தகட்டின்மீது எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைக் காட்டும் எண் எதுவும் அம்முகப்பில் இல்லை. அவ்வேகம் இயந்திரத்தில் இல்லை. வெல்டரின் மணிக்கட்டில் இருக்கிறது. ஓர் இணைப்பு உறுதியாக நிற்குமா, ஆண்டுகள் கழித்து விரிசல் விடுமா என்பதை முடிவுசெய்யும் மூன்று அளவுகளுள் ஒன்று இவ்வாறு மனிதக் கையிலேயே தங்கிவிட்டது. கைக்குள் மறைந்திருந்த அந்த வேகத்தைப் பொறியியல் எவ்வாறு எண்ணாக்கியது என்பது ஏறத்தாழ நூறாண்டு வரலாறு. அவ்வரலாற்றில் உடைந்த பாலங்களும் கப்பல்களும் உண்டு. பெரம்பூரும் திருச்சிராப்பள்ளியும் உண்டு.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் ஒரு நொடிக்கு வெளிப்படும் ஆற்றல் கிடைக்கிறது. அதை, ஒரு நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்னும் வேகத்தால் வகுத்தால், தடத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு வெப்பம் கொடுக்கப்பட்டது என்பது தெரியும். இதுவே வெப்ப உள்ளீடு. எடுத்துக்காட்டாக, 24 வோல்ட், 160 ஆம்பியர் என்னும் நிலையில் ஒரு வெல்டர் 250 மி.மீ. நீளத்தை 100 நொடிகளில் முடிக்கிறார் என்று கொள்வோம். அவருடைய வேகம் நிமிடத்துக்கு 150 மி.மீ. ஆற்றல் நொடிக்கு 3,840 ஜூல். நூறு நொடிக்கு 3,84,000 ஜூல். அதை 250ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 1,536 ஜூல், அதாவது ஏறத்தாழ 1.54 கிலோஜூல்.

இயந்திரத்தின் குமிழ் எதையும் தொடாமல் கை மட்டும் நிமிடத்துக்கு 200 மி.மீ. என விரைந்தால் வெப்ப உள்ளீடு 1.15 கிலோஜூலாகக் குறையும். 100 மி.மீ. எனத் தயங்கினால் 2.30 கிலோஜூலாக ஏறும். ஒரே இயந்திரம், ஒரே குச்சி, ஒரே தகடு. எனினும் இரண்டு மடங்கு வேறுபாடு. முகப்பில் ஒளிரும் எண் இவ்வேறுபாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்த எண் ஏன் முக்கியம்? உருகி உறைந்த உலோகத்துக்கு இருபுறமும், உருகாமல் கடும் வெப்பத்தை மட்டும் தாங்கிய ஒரு குறுகிய பட்டை உண்டு. வெப்பத் தாக்கப் பகுதி என்று அது அழைக்கப்படுகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் அது கடினமாகும் என்பதைக் கொல்லர்கள் நெடுங்காலமாக அறிவர். பற்றவைப்பில் தண்ணீரின் வேலையைச் சுற்றியுள்ள குளிர்ந்த தகடே செய்துவிடுகிறது. வெப்பம் குறைவாகவும் தகடு தடிமனாகவும் இருந்தால் அப்பட்டை விரைந்து குளிர்ந்து, கடினமாகி, நொறுங்கும் இயல்பைப் பெறும். ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜனும் அதில் சேர்ந்தால், வேலை முடிந்து சில மணிநேரமோ சில நாளோ கழித்துக்கூட விரிசல் தோன்றும். வெப்பம் மிகுந்தாலோ உலோகத்தின் மணிகள் பெருத்து, அதிர்ச்சியைத் தாங்கும் திறன் குன்றும். மெல்லிய தகடு நெளியும். கூடினாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு. பாதுகாப்பான வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஒற்றையடிப் பாதை.

இவ்வறிவு தொடக்கத்திலேயே இருந்ததன்று. மின்வில்லின் வெப்பத்தைக் கொண்டு உலோகங்களை இணைக்கும் முறைக்கு ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கலாய் பெனார்தோஸ் 1885இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்தியது கரிமுனை. உருகும் உலோகக் குச்சியையே மின்முனையாகக் கொள்ளும் முறையை 1888இல் நிக்கலாய் ஸ்லாவியானோவ் செய்துகாட்டினார். மின்வில்லின் நீளத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து, 1902இல் தனி நூலாக வெளியிட்டவர் பிரிட்டனின் ஹெர்தா அயர்டன் என்னும் அம்மையார். அவர் கண்டறிந்தது பட்டறைக்கு நேரடியாகப் பொருந்தும்: கை சற்றே உயர்ந்தால் வில் நீள்கிறது, வில் நீண்டால் வோல்ட் ஏறுகிறது. ஆகவே வேகம் மட்டுமல்ல, மின்னழுத்தமும் பாதி கையிலேதான் இருக்கிறது. சுவீடனின் ஆஸ்கார் ஷெல்பெர்க் 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் பூச்சுப் பூசிய குச்சிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பட்டறைகளில் ‘ராடு’ என வழங்கும் குச்சியின் முன்னோடி அதுவே.

1920இல் இங்கிலாந்தின் பெர்கன்ஹெட்டில் முழுதும் பற்றவைக்கப்பட்ட புல்லகர் என்னும் கப்பல் கடலில் இறங்கியது. 1920களின் இறுதியில் போலந்தின் மௌஜிட்சே என்னும் ஊரில், ஸ்டெஃபான் பிரீவாவின் வடிவமைப்பில், பற்றவைக்கப்பட்ட சாலைப் பாலம் எழுந்தது. அது இன்றும் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆணி அடித்து இணைத்த காலத்தைவிட எடையும் செலவும் குறைந்தன. எனினும், ஆணியிட்ட கட்டமைப்புக்கு ஒரு நற்பேறு இருந்தது. ஒரு தகட்டில் தோன்றிய விரிசல் அத்தகட்டின் விளிம்பை எட்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த தகடு தனித்தகடு. பற்றவைத்த கட்டமைப்போ முழுவதும் ஒரே உடல். ஓரிடத்தில் தொடங்கிய விரிசல் மறுகோடிவரை தடையின்றி ஓடலாம்.

அப்படி ஓடிய நாள் 1938 மார்ச் 14. பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரில் ஆல்பர்ட் கால்வாயின்மீது கட்டப்பட்டு ஓராண்டுக்குச் சற்று மேலேயே ஆகியிருந்த பற்றவைப்புப் பாலம், குளிர்மிகுந்த காலைப்பொழுதில் பேரொலியுடன் விரிசல் கண்டு, சில நிமிடங்களில் மூன்று துண்டுகளாகக் கால்வாயில் விழுந்தது. 1940 ஜனவரியில் அதே கால்வாய்மீது மேலும் பாலங்கள் விரிசல் விட்டன. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில், அமைதியான நீரில் துறையோரம் கட்டப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், எதனோடும் மோதாமல் நடுவில் பிளந்தது. போர்க்காலத்தில் 2,710 லிபர்ட்டி கப்பல்கள் பற்றவைப்பு முறையில் கட்டப்பட்டன. அவற்றுள் பலவற்றிலும் விரிசல்கள் காணப்பட்டன.

பழி முதலில் யார்மேல் விழுந்தது என்பது கவனத்துக்குரியது. கட்டுந்தளங்களில் அவசரப் பயிற்சி பெற்ற புதிய வெல்டர்கள் பெருந்தொகையினர். பெண்களும் அவர்களுள் மிகுதி. பற்றவைப்பின் தரமே குற்றத்துக்குக் காரணம் என்று பேசப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் உடைந்த தகடுகளை ஆராய்ந்து வேறொரு முடிவைக் கூறினார்: அக்காலத்து எஃகு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நெகிழும் இயல்பை இழந்து நொறுங்கும் இயல்பை அடைகிறது, ஆணியிட்டிருந்தாலும் அந்த எஃகு அந்த எஃகுதான். பற்றவைப்புக் குறைகளும் வடிவமைப்பின் கூர்முனைகளும் விரிசலுக்குத் தொடக்கம் தந்தன; அதை ஓடவிட்டது எஃகு. கையை மட்டும் குற்றவாளியாக்கிய தீர்ப்பு இவ்வாறு திருத்தப்பட்டது. அதே சமயம், கை செய்வதை அளக்க முறை வேண்டும் என்னும் தேவையும் தெளிவாகியது. அளவு இல்லாத இடத்தில் பழிக்கும் எல்லை இல்லை. விடுதலைக்கும் வழி இல்லை.

அளவுக்கான கணிதத்தைத் தந்தவர் டேனியல் ரோசன்தால். 1930களின் நடுவில் பிரெஞ்சு மொழியில் தொடங்கிய அவருடைய ஆய்வு, 1941இல் அமெரிக்காவின் வெல்டிங் ஜர்னல் இதழில் முழுமையாக வெளிவந்தது. அவர் எடுத்துக்கொண்ட படிமம் எளிது: தகட்டின்மீது மாறாத வேகத்தில் நகரும் ஒரு வெப்பப்புள்ளி. தெருவோரம் நிற்பவருக்குத் தேர் வருவதும் நெருங்குவதும் அகல்வதுமாகக் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். தேரின்மேல் அமர்ந்திருப்பவருக்கோ தேரைச் சுற்றியுள்ள விளக்குகள் எப்போதும் அதே இடத்தில்தான். அதுபோல, மின்வில்லோடு சேர்ந்து பயணம் செய்வதாகக் கற்பனை செய்தால், சுற்றியுள்ள வெப்பப் பரவல் மாறாத ஓர் ஓவியமாகிவிடுகிறது. மாறும் சிக்கலை மாறாத சிக்கலாக்கிய இவ்வுத்தியால் சமன்பாடு கைக்கு அடங்கியது.

அச்சமன்பாட்டிலிருந்து பெறப்படும் முடிவில்தான் மேலே கண்ட வகுத்தல் தானாகவே தோன்றுகிறது. தடிமனான தகட்டில் தடத்தின் நடுக்கோடு குளிரும் வேகம், ஆற்றலை வேகத்தால் வகுத்த அளவுக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. எஃகின் உள்ளமைப்பு பெரிதும் முடிவாவது 800 பாகையிலிருந்து 500 பாகை செல்சியஸுக்கு இறங்கும் இடைவெளியில். அவ்விறக்கத்துக்கான நேரம் தடிமனான தகட்டில் வெப்ப உள்ளீட்டுக்கு நேர்விகிதத்திலும், மெல்லிய தகட்டில் அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் மாறுகிறது. அதாவது கை பாதி வேகத்தில் நகர்ந்தால் தடித்த தகட்டில் அந்நேரம் இரு மடங்காகும். மெல்லிய தகட்டில் நான்கு மடங்காகும். தகட்டின் தடிமனும் முன்சூடும் தெரியாமல் வெப்ப உள்ளீட்டு எண் மட்டும் தனியே எதையும் முடிவுசெய்யாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

கணிதம் அச்சேறியதும் பட்டறை திருந்திவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1961இல் திறக்கப்பட்ட கிங் தெருப் பாலம், 1962 ஜூலை 10 அன்று, குளிர்காலக் காலையில், ஏறத்தாழ 45 டன் எடையுள்ள ஊர்தி ஒன்று கடந்தபோது தளர்ந்து இறங்கியது. அரசு விசாரணைக் குழு அமைந்தது. உத்திரங்களின் அடிப்பகுதியில் வலுவுக்காக வைத்த தகடுகள் முடியும் இடத்தில், குறுக்கே இட்ட பற்றவைப்பின் வெப்பத் தாக்கப் பகுதியில் விரிசல்கள் தொடங்கியிருந்தன. வலுமிக்க அந்த எஃகில் கரியும் மாங்கனீசும் கூடுதல். அத்தகைய எஃகுக்கு உரிய முன்சூடும் கட்டுப்பாடும் வேண்டும். சில விரிசல்களுக்குள் வண்ணப்பூச்சு புகுந்திருந்தது. அவை பாலத்தில் தோன்றியவை அல்ல, வண்ணம் பூசுவதற்கு முன்பே பட்டறையில் தோன்றியவை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

வேகத்தைக் கையிலிருந்து விடுவிக்கும் முயற்சியும் இதே காலத்தில் நடந்தது. துகள்போன்ற காப்புப்பொருளுக்கு அடியில் மின்வில்லை மறைத்து, கம்பியையும் வண்டியையும் மோட்டாரால் ஓட்டும் மூழ்குவில் முறை 1930களில் அமெரிக்காவில் உருவானது. சோவியத் ஒன்றியத்தில் எவ்கேனி பாத்தோன் அதை வளர்த்தெடுத்தார். கீவ் நகரின் நீப்பர் ஆற்றின்மீது 1953இல் திறக்கப்பட்ட, முழுதும் பற்றவைக்கப்பட்ட பாலம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மோட்டார் ஓட்டும் வண்டிக்கு வேகம் ஒரு குமிழ். நேராக நீண்ட இணைப்புகளுக்கு இது மிகப் பொருந்தும். மூலை, வளைவு, தலைக்குமேல் உள்ள இணைப்பு, நெருக்கமான குழாய் ஆகியவற்றுக்கோ இன்றளவும் கைதான்.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்தில், இக்கணக்கின் இரு முனைகளும் பத்தாண்டு இடைவெளியில் வந்துசேர்ந்தன. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகர நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்பில் அமைந்த இத்தொழிற்சாலை, முழுதும் எஃகாலான, முழுதும் பற்றவைக்கப்பட்ட பயணியர் பெட்டிகளைக் கட்டியது. பெட்டியின் பக்கச்சுவரும் கூரையும் மெல்லிய தகடுகள். அவை அடிச்சட்டத்தோடு ஒன்றாக இணைந்து சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. மெல்லிய தகட்டின் பகை வெப்பம். கை சற்றே தாமதித்தால் தகடு அலையலையாக நெளியும். நெளிந்ததைத் தட்டிச் சீராக்குவது பற்றவைப்பதைவிடப் பெரிய வேலை. ஆகவே இடைவிட்டு இணைத்தல், பின்னோக்கிய வரிசையில் இணைத்தல் என வெப்பத்தைப் பங்கிட்டுத் தரும் முறைகள் இத்தகைய தொழிலில் இன்றியமையாதவை.

1965இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்புடன் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இங்கே சிக்கல் தலைகீழ். அனல்மின் நிலையக் கொதிகலனின் நீராவி உருளை 100 மி.மீ.க்கும் மேற்பட்ட தடிமன் கொண்டது. அத்தகைய தகடு வெப்பத்தை விழுங்கிவிடும். விரைவாகக் குளிர்விப்பதே அதன் இயல்பு. ஆகவே முன்சூடு, அடுக்குகளுக்கு இடையிலான வெப்பநிலை, பின்சூடு என ஒவ்வொன்றும் எண்ணால் கட்டப்பட்டது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களில் ஒரு பிழை நேர்ந்தால், அது உயரழுத்த நீராவியின் வழியாக மனித உயிரைக் கேட்கும். 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டமும் 1950ஆம் ஆண்டின் விதிகளும், இத்தொழிலில் ஈடுபடும் வெல்டரைத் தேர்வு வைத்துச் சான்றளிக்குமாறு கோரின. கையைச் சட்டம் சோதித்தது.

ஆலையின் தேவையே ஆய்வுக்கும் வித்தாயிற்று. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1975இல் திருச்சிராப்பள்ளியில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. அருகிலிருந்த மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம், பற்றவைப்புப் பொறியியலில் முதுநிலைப் படிப்பை நடத்தியது. துவாக்குடி வட்டாரத்தில் சிறு பட்டறைகள் பெருகின. ஆலையின் வரைபடத்தோடு பற்றவைப்புச் செயல்முறைக் குறிப்பும் அப்பட்டறைகளுக்குச் சென்றது. எந்தக் குச்சி, எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட், எந்த வேகம் என்று எழுதிய தாள் அது. தொழிற்பேட்டைகளில் இன்று கைமாறும் அத்தகைய தாள்களின் நான்காம் கட்டம் எப்போதும் நிறைந்தே இருக்கும். அதில் உள்ள வேகம் கையில் இருந்ததா என்பதே கேள்வி.

இக்கேள்வியைக் கூர்மையாக்குவது கூலி. குழாய் இணைப்பு ஒப்பந்தங்களில் வேலை ‘இன்ச் டயா’ என்னும் அளவால் கணக்கிடப்படுகிறது. குழாயின் விட்ட அங்குலத்தை இணைப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிய தொகை அது. எத்தனை முடிந்ததோ அத்தனைக்குப் பணம். இங்கே ஒரு முரண் உண்டு. விரைந்து முடிக்க விரும்பும் கை விரைந்து நகர்வதில்லை, மெதுவாக நகர்கிறது. ஆம்பியரைக் கூட்டி, குச்சியைப் பக்கவாட்டில் அகலமாக அசைத்து, மெல்ல முன்னேறினால் ஒரே ஓட்டத்தில் பள்ளம் பெரிதும் நிரம்பிவிடும். ஆறு ஓட்டங்களில் முடிய வேண்டியது மூன்றில் முடியும். இடையே கசடு தட்டவும், தகடு ஆறக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மெதுவான கைக்கு வேலை விரைவில் முடிகிறது. வெப்ப உள்ளீடு வரம்பைத் தாண்டுகிறது. வெளியே பார்ப்பவருக்கு அத்தடம் அகன்று, செதிள் செதிளாக, அழகாகவே தெரியும். ஊடுகதிர்ப் படமும் பெரும்பாலும் குறை காட்டாது. குன்றிய தாங்குதிறனை ஊடுகதிர் காண்பதில்லை. செயல்முறைக் குறிப்பு கேட்பது ஒன்று, கூலிமுறை ஊக்குவிப்பது வேறொன்று என்னும்போது, பிழையைக் கையின்மேல் மட்டும் சுமத்துவது 1943இன் தவற்றைத் திரும்பச் செய்வதாகும்.

வேகத்தைக் கடிகாரம் இல்லாமல் அளக்கும் வழி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. பட்டறைக்கு அது மிக நெருக்கமானது. ஒரு குச்சி எரிந்து தீர எடுக்கும் நேரம், குறிப்பிட்ட ஆம்பியரில், ஏறத்தாழ மாறாதது. முன்கண்ட எடுத்துக்காட்டில் 160 ஆம்பியரில் ஒரு குச்சி 100 நொடியில் எரிந்து, பிடியளவு மிச்சமாகிறது என்று கொண்டால், அக்குச்சி 3,84,000 ஜூல் வெப்பம் அடங்கிய ஒரு பொட்டலம். அப்பொட்டலத்தை எவ்வளவு நீளத்துக்குப் பரப்பினார் என்பதுதான் கேள்வி. 250 மி.மீ. நீளத் தடம் விழுந்தால் 1.54 கிலோஜூல். அதே குச்சி 375 மி.மீ. ஓடினால் 1.02. 190 மி.மீ.யிலேயே தீர்ந்துவிட்டால் 2.02. நேரம் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. நீளம் மட்டும் எஞ்சுகிறது. நீளத்தை அளக்கச் சாக்பீஸும் அளவுகோலும் போதும். குச்சியே கடிகாரமாகிறது.

இது பட்டறையின் குறுக்குவழி அன்று. 1974இல் வெளிவந்த பிரிட்டிஷ் நியமம் 5135, ஒவ்வொரு பருமனுள்ள குச்சியும் குறிப்பிட்ட வெப்ப உள்ளீட்டுக்கு எவ்வளவு நீளம் ஓட வேண்டும் என்று அட்டவணைகளாகவே தந்தது. பின்வந்த ஐரோப்பிய நியமமும் அதைத் தொடர்ந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பில், பற்றவைப்புத் தகுதி பற்றிய ஒன்பதாம் பகுதியின் 409.1ஆம் விதியும் இதை ஏற்கிறது. வோல்ட், ஆம்பியர், வேகம் என்ற மூன்றையும் அளக்கலாம். அன்றேல் ஓரலகு குச்சிக்கு விழும் தடத்தின் நீளத்தை அளக்கலாம். உலகின் மிகக் கண்டிப்பான விதிநூல்களுள் ஒன்று சாக்பீஸ் கோட்டுக்கு இடம் வைத்திருப்பது சிறிய செய்தி அன்று. கடிகாரத்தோடு மேற்பார்வையாளர் பின்னால் நிற்கும் அளவு வெல்டருக்கு அயலானது. தம் குச்சி எவ்வளவு ஓடியது என்னும் அளவு அவருக்கே உரியது.

கணக்கு ஒரே எண்ணைத் தருவதுபோலத் தோன்றினாலும் நாட்டுக்கு நாடு ஒரு வேறுபாடு நிலவுகிறது. அமெரிக்க விதி மின்வில்லின் ஆற்றல் முழுவதையும் கணக்கில் கொள்கிறது. ஐரோப்பிய நியமமோ காற்றில் சிதறும் வெப்பத்தைக் கழிக்கிறது: மூழ்குவில் முறைக்கு 1.0, கைக்குச்சி முறைக்கு 0.8, டங்ஸ்டன் முனை முறைக்கு 0.6 எனப் பெருக்குகிறது. ஆகவே முன்கண்ட 1.54, ஐரோப்பியத் தாளில் 1.23 ஆகும். எந்த நியமத்தின் எண் என்பதைப் பார்க்காமல் ஒரு தாளின் வரம்பை மற்றொரு தாளில் வைத்தால், கை தவறாமலே கணக்கு தவறும். துடிப்பு மின்னோட்டம் தரும் புதிய இயந்திரங்களில் சிக்கல் இன்னும் கூடியது. வோல்ட்டும் ஆம்பியரும் நொடிக்குப் பலமுறை ஏறி இறங்குவதால், சராசரிகளைப் பெருக்கினால் உண்மையான ஆற்றல் கிடைக்காது. எனவே 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இயந்திரமே கணந்தோறும் கூட்டித்தரும் ஆற்றலை எடுத்து, தடத்தின் நீளத்தால் வகுக்குமாறு அமெரிக்க விதி சேர்க்கப்பட்டது. ஆற்றல் முழுவதும் மின்னணுவின் பொறுப்பாயிற்று. அப்போதும் நீளம் வெல்டரின் பொறுப்பாகவே நின்றது.

பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட பழைய தொடருந்துப் பாலம் ஆணியிட்ட காலத்தின் படைப்பு. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம் முழுதும் பற்றவைத்த இணைப்புகளால் ஆனது. நூற்றுப் பதினொரு ஆண்டுகளில் ஒரே கடலின்மீது ஒரு தொழில்நுட்பம் போய் மற்றொன்று வந்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவரை வந்தது. அதன் முனைய நிலையத்திலிருந்து சந்தாபுரா தொலைவில்லை. தொடருந்தில் வந்து இறங்குபவர் கண்ணுக்குத் தெரிவது தூணும் கூரையும் பெட்டியும். தெரியாதது, அவற்றின் இணைப்புகளுக்குள் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் உறைந்திருக்கும் வெப்பத்தின் அளவு.

சந்தாபுரா போன்ற ஊர்களின் சிறுபட்டறைகளுக்கு இவ்வரலாறு விட்டுச்செல்வது பெரிய கருவி எதையும் அன்று. ஒரு சாக்பீஸ், ஓர் அளவுகோல், குச்சி எவ்வளவு ஓடியது என்று எழுத ஒரு கட்டம், அக்கட்டத்தை உண்மையாக நிரப்பினால் குறையாத கூலி. ஹாசல்ட் பாலமும் ஸ்கெனெக்டடி கப்பலும் கிங் தெரு உத்திரமும் உடைந்தபின், எழுதாத அளவுகளைத் தேடி அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது. நாளை ஓர் இணைப்பு கேள்விக்கு உள்ளாகுமானால், அன்று கையின் பக்கம் நின்று பேசக்கூடிய சாட்சி அந்தச் சாக்பீஸ் கோடு ஒன்றே.